சோளப்பை ஆட்டம் பிறந்த கராஜ்

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சோளப்பை ஆட்டம் பிறந்தது எங்கள் சின்சினாட்டியில். அதுவும் மேற்குப் பகுதியில். அதுவும் எங்கள் வீட்டு கராஜில். கண்டுபிடித்தவர் என் அப்பா, அகஸ்ட் வெஸ்லிங்.

சாய்த்து வைத்த பலகை. அதில் ஒரு ஓட்டை. எட்ட நின்று சோளம் அடைத்த பையை அதற்குள் வீச வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். முன்பெல்லாம் எங்கள் வட்டாரத்தைத் தாண்டினால், "பையை எதுக்குய்யா எறியறீங்க?" என்பார்கள். இன்றைக்குக் கல்யாண வீட்டில் பலகை, பீர்க்கடையில் பலகை, டெக்சாஸில் பலகை. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு வேறு. பார்க்கும்போதெல்லாம், சொந்தப் பிள்ளை பெரிய உத்தியோகத்துக்குப் போன மாதிரி எனக்கு நெஞ்சு விம்மும்.

என் மனைவி ஆட்ரிக்கு எதுவும் விம்மாது.

"மாமா ஓட்டை போட்டது பூனை வந்து போறதுக்குங்க. அத்தையே என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"பூனைக்குப் போட்ட ஓட்டையில பையை வீசலாம்னு தோணிச்சே, அதுக்குப் பேருதான் மூளை!"

"பூனையைப் பார்த்துத்தான் வீசினாராம். குறி தப்பி ஓட்டையில விழுந்துச்சாம்."

இவளோடுதான் குடித்தனம்.

அப்படிப்பட்டவள் ஒரு வசந்தகாலக் காலையில், இறைச்சியும் ஓட்ஸும் சேர்த்துக் கிண்டி ஆறவைத்த எங்கள் ஊர்க் கஞ்சித் துண்டுகளை எனக்குப் பிடித்த மாதிரி மொறுமொறுவென்று வறுத்துத் தட்டில் வைத்துவிட்டு, குழைந்த குரலில் சொன்னாள்.

"ஏங்க, டி.வி.யிலேர்ந்து போன் வந்துச்சு. நம்ம மாதா கோயில் திருவிழாவுக்கு வர்றாங்களாம். அன்னிக்கே இந்த ஆட்டம் பொறந்த இடத்தையும் படம் பிடிக்கணுமாம். நம்ம கராஜ்னு சொல்லிட்டேன்."

"பூனையைப் பத்தி..."

"மூச்சு விடுவேனா?"

கண் கலங்கிவிட்டது. கையில் கரண்டியோடு நின்றவளை அப்படியே கட்டிக்கொண்டேன். அவள் என்னைக் கராஜுக்கு அழைத்துப் போனாள்.

"இதையாங்க உலகத்துக்குக் காட்டப் போறீங்க?"

உள்ளே செத்துப்போன புல்வெட்டி மெஷின்கள், கால் இல்லாத நாற்காலிகள், நாற்காலி இல்லாத கால்கள். ஆட்ரி கல்யாணம் ஆன நாளிலிருந்து காலி பண்ணச் சொன்ன சாமான்கள். அன்றே ஆரம்பித்தேன். என் ஆட்டப் பலகைகளைக்கூடப் பின்பக்கத் தோட்டத்துக்கு மாற்றினேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன்.

"கராஜைப் பார்த்துட்டு அப்படியே போயிடுவாங்களா? உள்ளே வந்து காபி குடிப்பாங்கல்ல?" என்றாள்.

சமையலறைக்குப் பெயிண்ட் அடித்தேன்.

"காபி குடிச்சா பாத்ரூம் கேப்பாங்களே?"

டைல்ஸ் மாற்றினேன்.

அப்பாவின் பெயருக்காக என்று நினைக்கும்போது இடுப்புவலிகூட இனித்தது. ஒருநாள் வாசல் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ட்வைட்டும் ஏணியில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, கென்டக்கியிலிருந்து வந்தவன்.

"என்னய்யா, திடீர்னு சுறுசுறுப்பு?"

"டி.வி.காரங்க வர்றாங்க நார்பர்ட். ஆட்டம் பொறந்தது கென்டக்கியில, எங்க பாட்டன் களத்துலன்னு நான் சொல்லாம வேற யார் சொல்றது? லர்லீன்தான் போன் எடுத்தா."

லர்லீன் அவன் பெண்டாட்டி. என் பெண்டாட்டியின் உயிர்த்தோழி.

"உன் வீட்டுக்கா? எங்க வீட்டுக்குய்யா!"

"பார்க்கலாம்!"

கொஞ்சம் புத்தி உள்ளவன் அந்த இடத்திலேயே பிரஷ்ஷைக் கீழே போட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? அவன் ஒரு பூச்சு அடித்தால் நான் இரண்டு பூச்சு அடித்தேன். ஓட்டை பலகையில் மட்டும் இல்லை.

கோடை முடிவில் திருவிழா நாளும் வந்தது. அப்பாவின் படத்தை கராஜ் சுவரில் மாட்டி, டை கட்டி, வாசலில் நின்றேன். பக்கத்து வாசலில் ட்வைட்டும் டை கட்டி நின்றான். இருவரும் முறைத்துக்கொண்டோம். வியர்த்ததுதான் மிச்சம், ஒரு கேமராவும் வரவில்லை.

ஒரு கார் வந்தது. ஆட்ரியின் கார். பளபளவென்றிருந்த கராஜுக்குள் மெதுவாக நுழைந்து, அப்பாவின் படத்துக்கு நேராக நின்றது. ஆட்ரி இறங்கினாள். மறுபக்கக் கதவு வழியாக லர்லீன் இறங்கினாள். இருவருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட்.

"பாவம், பனிக்காலம் பூரா தெருவில கிடந்து உறைஞ்ச வண்டி. இனிமே பிரச்சினையில்லை" என்றாள் ஆட்ரி.

"டி.வி.?"

"கோயில்லதான் இருக்காங்க. இங்க வர்றாங்கன்னு நான் சும்மா சொன்னேன். வாங்க, இறுதி ஆட்டத்துக்கு நேரமாச்சு."

"யாரோட இறுதி ஆட்டம்?"

"எங்களோடதுதான்."

நானும் ட்வைட்டும் பழைய பகையை மறந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி போனோம்.

கோயில் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. ஆட்ரி வீசினாள். பை பலகையைத் தொடக்கூட இல்லை, நேராக ஓட்டைக்குள் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நான் அவளுக்கு ஒருநாளும் பையைக் கையில் கொடுத்ததில்லை. கோபமெல்லாம் எங்கே போனதோ, "என் பெண்டாட்டி! என் பெண்டாட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கோப்பை அவர்களுக்குத்தான்.

மைக்கோடு ஒரு பெண் ஓடி வந்தாள். கேமரா பின்னாலேயே வந்தது.

"இந்த ஆட்டம் எங்கே பொறந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?"

"எங்க வீட்டு கராஜில" என்றாள் ஆட்ரி, கண்ணைக்கூட இமைக்காமல். "கண்டுபிடிச்சவர் என் மாமனார் அகஸ்ட் வெஸ்லிங்."

கூட்டம் ஆரவாரித்தது. ட்வைட்கூட வாயைத் திறக்கவில்லை. என் கண்ணில் தாரை தாரையாக நீர். டையைச் சரிசெய்துகொண்டு, மெல்ல நகர்ந்து கேமராவுக்கு முன்னால் நின்றேன்.

"இவ்வளவு அருமையா வீசறீங்களே, இதுக்கெல்லாம் யார் காரணம்?"

ஆட்ரி என்னைப் பாசத்தோடு காட்டினாள்.

"எல்லாம் இவர் புண்ணியம்தாம்மா. கோடை பூரா பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருந்தார், பலகைப் பக்கமே வந்து தொந்தரவு பண்ணலை."