ரகசியமாக வாங்கிய லோடர்

"வண்டி ஏத்தியாச்சு அண்ணாச்சி. நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள உங்க ஷெட்டு வாசல்ல நிக்கும்" என்றார் கிளாட்வின் போனில்.

இன்பமணி உண்மையிலேயே டீதான் குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீ வேட்டியில் கொட்டியது.

"என்னது? ஞாயித்துக்கெழமல்லா அனுப்பச் சொன்னேன்! இன்னைக்கு சனிக்கெழம!"

"நாளைக்கு மச்சினன் பிள்ளைக்குப் புதுநன்மை அண்ணாச்சி. எங்க ஆளுக எல்லாரும் மாதா கோயில்ல இருப்பாவ. டிரெய்லரும் இன்னைக்குத்தான் சும்மா கெடந்துச்சு. ஒருநா முன்னாடி வந்தா உங்களுக்கும் சந்தோசந்தான?"

"ரொம்ப சந்தோசம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் இன்பமணி.

முத்தையாபுரத்தில் இன்பமணியின் உப்பு ஷெட்டைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வாயைத் தெரியாதவர்கள் இல்லை. "மெசின்ல அள்ளுனா அது உப்பா வே? எங்க பொம்பளயாளுக தலையில ஏறி எறங்குனாத்தான் அதுக்கு ராசி" என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் அளந்துகொண்டே இருப்பார். ஷெட்டில் வேலை செய்யும் ஆறு பெண்களும் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது யாருக்கும் தெரியாமல் ஒரு பழைய லோடரை வாங்கியிருந்தார். எந்தக் கம்பெனி செய்தாலும் ஊரில் பாப்கேட் என்றே சொல்கிற குட்டி வண்டி. ஸ்டியரிங் கிடையாது. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று இரண்டு லிவர்தான். துறைமுகத்தில் அதைக் கப்பலுக்குள் இறக்கி, மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் நிலக்கரியைத் தள்ள வைத்திருந்தார் கிளாட்வின். பெரிய வண்டி வாங்கியதும் இதை விற்கப் போகிறார் என்ற பேச்சு எப்படியோ இன்பமணியின் காதுக்கு வந்தது. திருச்செந்தூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போய் வண்டியைப் பார்த்துப் பேசி முடித்தார். வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கிப் பட்டையாகப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

எல்லாம் சந்தனச்செல்விக்காக. ஷெட்டில் மற்ற ஐந்து பேருக்கும் அவள்தான் தலைவி. கொஞ்ச நாளாக அவளுக்குக் கழுத்து வலி. டாக்டர் தலைச்சுமை கூடாது என்று சொல்லியும், வெளியே காட்டிக்கொள்ளாமல் சும்மாட்டை வைத்து உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றதை இன்பமணி பார்த்துவிட்டார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் இருந்தது. ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த மார்கழியில், தங்கள் வீட்டுத் தண்ணீர் வடிவதற்கு முன்பே அந்த ஆறு பேரும் ஷெட்டுக்கு வந்து நின்றார்கள். கரைந்தது போக மிச்சமிருந்த உப்பை மூட்டை மூட்டையாக மேட்டுக்கு ஏற்றினார்கள். கூலியைப் பற்றி ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. இன்றைக்கு இன்பமணி முதலாளி என்று நிமிர்ந்து நடப்பது அவர்களால்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. நேரில் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

இப்போது திடீரென்று வண்டி வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? நம்மை அனுப்பத்தான் மெசின் வாங்கிவிட்டார் என்று நினைக்க மாட்டார்களா? சந்தனச்செல்வி ரோஷக்காரி. ஒரு வார்த்தை பேசாமல் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். பின்னாலேயே ஐந்து பேரும் போவார்கள். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை வண்டியை இறக்கி மூடிவைத்துவிட்டு, திங்கட்கிழமை எல்லோருக்கும் இனிப்பாக மக்ரூன் கொடுத்துப் பக்குவமாகச் சொல்வது என்பதுதான் அவருடைய திட்டம். அந்தத் திட்டம் டிரெய்லர் ஏறி வந்துகொண்டிருந்தது.

இன்பமணி ஷெட்டுக்குள் ஓடினார்.

"எல்லாரும் வேலைய நிறுத்துங்க. இன்னைக்கு லீவு!"

ஆறு சட்டிகளும் அப்படியே நின்றன.

"லீவா? சாயங்காலம் லாரி வருதே மொதலாளி" என்றாள் சந்தனச்செல்வி.

"வந்தா வரட்டும்."

"தீவாளிக்கே மத்தியானம் வரைக்கும் வேலை பாக்கச் சொல்லுத ஆளு. உடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல." யோசிக்க நேரமில்லாததால் வாயில் வந்ததைச் சொன்னார். "வீட்டுல அவளுக்குத்தான் முடியல. நெஞ்சுவலி."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் சந்தனச்செல்வி சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"முத்துக்கனி அக்காவுக்கா? இத இவ்வளவு நேரம் சொல்லாம நிக்கீயளே! ஏளா, வாங்க போவோம்!"

ஆறு பேரும் உப்புக் காலோடு வாசலைத் தாண்டி ஓடினார்கள். ஷெட் காலியானது. இன்பமணி நிம்மதியாக மூச்சு விட்டார். பாதி மூச்சில்தான் அவர்கள் ஓடுவது தம்முடைய வீட்டுக்கு என்பது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தார்.

மனைவி முத்துக்கனி அப்போது மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். லோடர் விஷயம் அவளுக்கும் தெரியாது. அவளும் சந்தனச்செல்வியும் சேர்ந்துதான் மீன் வாங்கப் போவார்கள். அவளிடம் சொன்னால் சாளை விலை பேசி முடிப்பதற்குள் விஷயம் கைமாறிவிடும்.

"முத்து, ஒடனே கீழ எறங்கி வந்து படு."

"என்ன சொல்லுதீய? மாவு காஞ்சிரும்."

"உனக்கு நெஞ்சுவலி."

"எனக்கா?"

"ஆமா. செல்வியும் மத்தவளுகளும் பாக்க வாராளுக. கண்ண மூடிப் படுத்துக்கோ. எதுவும் கேக்காத. எல்லாத்தையும் அப்புறம் சொல்லுதேன்."

"நல்லாருக்கவள நெஞ்சுவலின்னு படுக்கச் சொல்லுதீயளே, நீங்க ஒரு மனுசனா?" என்று தொடங்கி அவள் சொன்ன மற்றவற்றை இங்கே எழுத வேண்டாம். ஆனாலும் படுத்தாள். புருஷன் எந்தக் கிறுக்குத்தனம் செய்தாலும் ஊர் முன்னால் விட்டுக்கொடுக்கத் தெரியாத பெண் அவள்.

வாசலில் ஹாரன் கேட்டது. டிரெய்லர் வந்துவிட்டது. கழுவித் துடைத்து, மஞ்சள் பளபளக்க மேலே நின்றது லோடர். அந்த அவசரத்திலும் இன்பமணி ஒரு நிமிஷம் வாய் பிளந்து பார்த்தார். செல்வியின் கழுத்து இனித் தப்பித்தது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

டிரைவர் சரிவுப் பலகையை இறக்கிப் போட்டார். "எறக்கிக்கிடுங்க அண்ணாச்சி."

"நானா? ஆபரேட்டர் எங்க?"

"பிரைட்டன் அண்ணன் பைக்குல பின்னாடி வாரேன்னாரு. காணல. எனக்கு ஹார்பர்ல அடுத்த லோடு கெடக்கு. நீங்க எறக்கலன்னா இதையும் திரும்பக் கொண்டுட்டுப் போவேன்."

பிரைட்டனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அங்கே முத்துக்கனி எத்தனை நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாளோ தெரியாது. இன்பமணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏறுனா என்ன செய்யணும்?"

"சாவியத் திருகணும். அப்புறம் ரெண்டு லிவரையும் புடிக்கணும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

வண்டியின் முன்னால் இருந்த அள்ளும் தொட்டியில் கால் வைத்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். முருகனையும், கிளாட்வின் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று பனிமய மாதாவையும் கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். வண்டி எப்படிக் கீழே இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தரையில் இருந்தார். டிரைவர் பலகையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கும்பிடு ஒன்றைக் காற்றில் வீசிவிட்டுப் பறந்துவிட்டார்.

வண்டியை ஷெட்டுக்குள் விட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. இன்பமணி வலது லிவரை முன்னால் தள்ளினார். வண்டி இடது பக்கம் திரும்பியது. பயந்துபோய் இடது லிவரைப் பின்னால் இழுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. நிறுத்துவதற்காக இரண்டையும் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அது இன்னும் வேகமாகச் சுற்றியது.

முதல் சுற்றில் தண்ணீர் டிரம் போனது. அடுத்ததில், சாயங்கால லாரிக்காக அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்தன. அப்புறம் வண்டி ஒரு துள்ளு துள்ளி உப்பு அம்பாரத்துக்குள் மூக்கை நுழைத்தது. வெள்ளை வெளேரென்று உப்பு இன்பமணியின் தலையில் கொட்டியது. அவர் பிடியை விடவில்லை. வண்டி வெளியே வந்து மறுபடியும் சுற்றியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன.

விஷயம் இதுதான். முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டு வாயே திறக்காமல் கிடந்ததைப் பார்த்து, பெண்கள் ரொம்பவே பயந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பி, கையெழுத்துப் போட முதலாளி வேண்டுமே என்று வழியில் ஷெட்டுக்கு வந்திருந்தார்கள். முதலாளியோ மஞ்சள் வண்டிக்குள் தலையெல்லாம் உப்பாக, பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையையும் விடுங்க மொதலாளி!" சந்தனச்செல்வியின் குரல் கணீரென்று கேட்டது. "லிவர விடுங்க! விட்டா தானா நின்னுரும்!"

இன்பமணி கையை விட்டார். வண்டி நின்றது. அவருடைய தலை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நெஞ்சுவலிக்காரி ஆட்டோவிலிருந்து துள்ளிக் குதித்தாள். "என்னங்க இது கூத்து? இதுக்கா என்னைப் பாடையில போறவ மாதிரிப் படுக்க வச்சீய?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. இன்பமணி தள்ளாடி இறங்கினார். ஆறு பெண்களும் வரிசையாக நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் இன்பமணி.

"அழாதீங்க தாயிகளா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கள அனுப்பவா நான் மெசின் வாங்குவேன்? வெள்ளத்துல உங்க வீடு முங்கிக் கெடக்கும்போது என் உப்பத் தூக்குனீயளே, அந்த நன்றிய நான் எங்க கொண்டு போய்த் தீப்பேன்? செல்வி கழுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னத என்னால பாக்க முடியல. அதான் வாங்குனேன். சொல்லப் பயந்துக்கிட்டு என்னல்லாமோ பொய் சொல்லிட்டேன். ஒருத்தரும் இங்கனருந்து போயிராதீங்க. நீங்க இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல."

தோள்களின் குலுக்கல் நின்றது. இப்போது சந்தனச்செல்வியின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. முத்துக்கனிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டு, புருஷனின் தலையிலிருந்த உப்பை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"மொதலாளி" என்று செல்வி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒரு பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஆபரேட்டர் பிரைட்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார். சரிந்த மூட்டைகளையும் உருண்டு கிடந்த டிரம்மையும் உப்பில் குளித்து நின்ற இன்பமணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் கேட்டார்:

"நீங்க எதுக்கு அண்ணாச்சி ஏறுனீய, எங்க யார்டுக்கு ஞாயித்துக்கெழம தவறாம வந்து இத ஓட்டிப் பழகிட்டு, 'எங்க மொதலாளி காதுல போட்டு வச்சிருக்கோம், அவரு வந்து வாங்குத வரைக்கும் வேற யாருக்கும் குடுத்துராதீய'ன்னு சொல்லிட்டுப் போன செல்வி அக்கா இங்கனதான நிக்காவ?"