தலைநகரைத் திருப்பித் தராமல் நான் வருவதாக இல்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மாமியார் சௌக்கியம். நானும் சௌக்கியம்தான் என்று டாக்டர் சொல்கிறார். நாட்டைப் பறிகொடுத்தவனின் சௌக்கியம் அவருடைய ரத்த அழுத்தக் கருவியில் தெரியாது. அங்கே நீங்களும் என் மகளும் புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்து, எது எங்கே என்று தேடுகிற கட்டத்துக்கு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே என் மகள் குறுக்கே வந்து, "அப்பா, திரும்ப அந்த கம்ப்யூட்டர் விளையாட்டுப் பேச்சா?" என்கிறாள். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் வர முடியாது. அந்த விளையாட்டைத் தயாரிக்கிற உங்கள் நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்துவிட்டேன். விளையாட்டைத் திறந்ததும் ஒரு பலகை வருகிறதே, "வரப்போகும் விரிவாக்கங்களில் உங்கள் எதிர்பார்ப்பு என்ன? எங்களுக்கு எழுதுங்கள்" என்று, அதை நம்பி உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன். அனுப்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் பதில் வந்தது: "உங்கள் கருத்தைப் படித்து மகிழ்ந்தோம்." நான் எழுதியிருந்தது முழுக்க வசவு. வசவைப் படித்து மகிழ்கிற நிறுவனத்தில் என் மாப்பிள்ளை வேலை பார்ப்பதில் எனக்குப் பெருமைதான். அதிலும் அடுத்த விரிவாக்கத்தில் எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிற பிரிவிலேயே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

போன விரிவாக்கத்தில் என்ன கொடுத்தீர்கள்? குதிரைகளுக்கு விதவிதமான பிடரிமயிர். துறைமுகத்தில் பறக்கக் கடற்பறவைகள். மழை பெய்தால் ராஜாவின் தோளில் ஈரம் தெரிகிறது. கை தட்டினேன். என் தலைநகரம் எரிந்தபோது அந்தப் பறவைகள் எவ்வளவு அழகாக வட்டமடித்தன என்பதையும் பார்த்தேன்.

நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதுவும் உங்கள் அப்பா வாயால். ஓய்வு பெற்ற பிறகு நான் தெருமுனையில் நின்று, தாமதமாக வருகிற பஸ்களை நிறுத்தி டிரைவர்களிடம் விளக்கம் கேட்கிறேன் என்று உங்கள் மாமியார் புகார் சொல்ல, நீங்கள்தான் இதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள். "மாமா, ஒரு குடிசையில ஆரம்பிச்சு பேரரசு வரைக்கும் கட்டலாம், நல்லாப் பொழுதுபோகும்" என்றீர்கள். போதாததற்கு, பல் டாக்டராக இருந்து பொழுதே இல்லாத உங்கள் அப்பாவுக்கும் ஒன்று ஏற்றி, எங்கள் இருவரையும் ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகளாக உட்கார வைத்தீர்கள். சம்பந்தியாயிற்றே என்று நான் ஒப்பந்தம் போட்டேன். ஒருவர் எல்லையை ஒருவர் தாண்டுவதில்லை. திரையில் இருவர் முத்திரையும் விழுந்தது, எக்காளம் கூட ஊதினார்கள்.

பிறகு எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. சம்பந்தி இருக்கும்போது வேறு டாக்டரிடம் போனால் அவர் மனம் நோகும் என்று, நான்கு தெரு தள்ளி அவருடைய கிளினிக்குக்கே போனேன். அந்த நாற்காலியில் மல்லாத்திப் போட்டு, முகத்தில் விளக்கை அடித்து, வாய்க்குள் இரண்டு கருவிகளை விட்டபிறகு மனுஷர் பேச்சுக் கொடுக்கிறார். "அப்படியே வாயைத் திறந்தே வைங்க சம்பந்தி. அசையாதீங்க. ஆமா, உங்க வடக்கு வாசல்ல காவல் போட்டிருக்கீங்களா?" வாய் அடைத்திருப்பவன் என்ன செய்வான்? இல்லை என்று தலையை ஆட்டினேன். "அசையாதீங்கன்னு சொன்னேனே" என்று கோபித்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கினார். அன்று மாலையே வடக்கு வாசல் வழியாகத் தலைநகரையும் பிடுங்கினார். கன்னம் நிறையப் பஞ்சை அடக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. விளையாட்டுக்குள் நீங்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கிற அந்த மந்திரி மட்டும் வழக்கம்போல திரையின் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, "மன்னா, மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்றான்.

ஒப்பந்தத்தை மீறினாரே, அவருக்கு விளையாட்டு என்ன தண்டனை கொடுத்தது தெரியுமா? "நற்பெயர் சற்றுக் குறைந்தது" என்று ஒரு வரி. சற்று! ஆகவே என் முதல் எதிர்பார்ப்பு: அடுத்த விரிவாக்கத்தில் வாக்குத் தவறுகிறவன் நாட்டில் கிணறு வற்ற வேண்டும், பாலம் இடிய வேண்டும், சொந்தப் படையே அவன் முகத்தில் விழிக்கக் கூடாது. பிடித்த ஊர் தானாகப் பழைய ராஜாவிடம் திரும்பி வர வேண்டும். இதைச் சேர்க்காமல் பறவைக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் செய்வது சரித்திர விளையாட்டு இல்லை, பொம்மைக் கடை.

இரண்டாவது, படை நடமாட்டம். பஸ் டிப்போவில் என் காலம் முழுக்க நான் கன்ட்ரோலராக இருந்தவன். எந்த வண்டி எப்போது கிளம்புவது என்பது என் விசில். ஒரே தடத்தில் மூன்று வண்டியை ஒன்றாக விட்டால் முதல் வண்டியில் ஜனம் தொங்கும், பின்னால் போகிற இரண்டும் காற்று வாங்கும். இது பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் தலைநகரை மீட்க அனுப்பிய படைகளை ஒழுங்காக இடைவெளி விட்டுத்தான் கிளப்பினேன். முதல் பிரிவு போய்ச் சேர்ந்தபிறகு இரண்டாவது. இரண்டாவது போனபிறகு யானை. யானைக்குப் பின்னால் வில்லாளிகள். அப்படியொரு நேர ஒழுங்கை அந்த வரைபடம் கண்டிருக்காது. எதிரி மட்டும் ஒழுங்கில்லாமல் எல்லா ஆட்களையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்தார். பாதி யுத்தத்தில் சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தி, ரொம்ப நன்றி. நம்ம கிளினிக்ல டோக்கன் கொடுத்து அனுப்புற மாதிரி உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க. ஒருத்தரை முடிச்சுட்டுக் கையக் கழுவினா அடுத்தவர் ரெடியா நிக்கிறார். இப்படி ஒரு சௌகரியத்த நான் எந்தப் போர்லயும் பார்த்ததில்ல."

"சிரிங்க சம்பந்தி, சிரிங்க. உங்களுக்குப் பல் இருக்கு, சிரிக்கிறீங்க" என்று வைத்துவிட்டேன்.

எனவே அடுத்த விரிவாக்கத்தில் எதிரியும் இடைவெளி விட்டுத்தான் படை நடத்த வேண்டும் என்று விதி வையுங்கள். முடியாது, கஷ்டம் என்று உங்கள் ஆட்கள் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். எத்தனையோ டிரைவர்களை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: என் மகள் அழுது கேட்டுக்கொண்டதால் மறுபடி ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். தலைநகரம் அவரிடமே இருக்கிறது. நான் கடலோரத்தில் மீன் காயப்போடுகிற ஒரு குப்பத்தில் கொலு வீற்றிருக்கிறேன். புதிதாகச் சேர்த்த கொஞ்சம் படையை எல்லைச் சாலையில் முறையான இடைவெளியில் காவல் நிறுத்தியிருக்கிறேன். இதை எழுதுகிற நேரம் விளையாட்டு தூங்கிவிடக் கூடாது என்று உங்கள் மாமியாரை மவுஸுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். "அடுத்த ஆண்டு" என்கிற பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும், வேறு எதையும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஆயிரம் கேள்வி.

"என்னங்க, இந்த ஆளுங்க ஏன் ரோட்ல தனித்தனியா நிக்கிறாங்க? ஒருத்தனுக்கொருத்தன் சண்டையா?"

"அது இடைவெளிம்மா. உனக்குப் புரியாது. பொத்தானை அழுத்து."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டைப் பார்க்க வரும் வாரம் எங்கள் இருவரையும், உங்கள் அப்பா அம்மாவையும் அழைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். கூடுதலாக இருப்பது ஒரே அறை, அதில் அப்பாக்கள் இருவரும் படுத்துக்கொள்வார்கள் என்று என் மகள் ஏற்பாடு செய்திருக்கிறாளாம். மாப்பிள்ளை, என் ஊரைக் கொளுத்தியவர் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட, நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பதா? தலைநகரை அவர் திருப்பித் தர வேண்டும், அல்லது நீங்கள் விரிவாக்கத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான் வருவதாக இல்லை. உங்கள் மாமியார் தனியாக வருவாள். நேற்று இதைச் சொன்னதும் என் மகள், "அப்பா, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற ஊருப்பா. என் வீடு நிஜம். நீங்க வரலைன்னா இனிமே எதுக்குமே கூப்பிட மாட்டேன்" என்று சொல்லி அழுதாள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கம்ப்யூட்டரில் இருக்கிற ஊர் என்றால் ஊர் இல்லையா? அதை நான் குடிசையிலிருந்து கட்டினேன். கொடுத்த வாக்கு எங்கே கொடுத்தாலும் வாக்குதான். விளையாட்டுத்தானே என்று மட்டும் யாரும் என்னிடம் வர வேண்டாம்.

என் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் பதவி உயர்ந்து, பெரிய அறையும் பெரிய நாற்காலியும் கிடைத்து, பிடரிமயிர்ப் பிரிவிலிருந்து சீக்கிரம் விடுதலை பெற வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நாடிழந்தாலும் சொல் இழக்காத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது உங்கள் மாமியார் கூப்பிட்டாள். "என்னங்க, பெரிய ஊர் ஒண்ணுல நம்ம கொடி பறக்குது. இது சரிதானே?" ஓடிப் போய்ப் பார்த்தேன். என் தலைநகரம். "தனித்தனியா நின்னதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்து, பக்கத்துல விளக்கு எரியிற ஊருக்குள்ள போகச் சொன்னேன். தப்பா?" என்கிறாள். மந்திரி எட்டிப் பார்த்து, மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றான். அவன் சொன்னதை முதல் தடவையாக நம்பினேன். சம்பந்தி ஒப்பந்தத்தை நம்பி வாசலில் காவல் போடாமல், கிளினிக்கில் யார் வாய்க்குள்ளோ கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டு இப்போதுதான் போன் செய்தார். "ஒப்பந்தம் போட்டுட்டு இப்படிப் பண்ணலாமா சம்பந்தி? உங்களோட ஒரே ரூம்ல என்னால படுக்க முடியாது. நான் வரலை" என்கிறார். எனவே முதல் எதிர்பார்ப்பை அடித்துவிடுங்கள். கிணறு வற்றுவது, ஊர் தானாகத் திரும்புவது எல்லாம் ரொம்பக் கொடுமை. நற்பெயர் சற்றுக் குறைவதே போதுமான தண்டனை. இடைவெளி விதிக்கும் இப்போது அவசரமில்லை. நாங்கள் இருவரும் கட்டாயம் வருகிறோம், எனக்கு ஜன்னலோரக் கட்டில். உங்கள் அப்பாவிடம் மட்டும் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்: அது கம்ப்யூட்டரில் இருக்கிற ஊர், உங்கள் வீடுதான் நிஜம். இந்த வயதில் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் எப்படி?