நேர்சால் வேந்தரும் வளைந்த வரப்பும்

மலைக்கோட்டை உச்சியில் அமர்ந்து திருச்சி மாநகரையும் அதைச் சுற்றியுள்ள பட்டிதொட்டிகளையும் பார்த்தருளும் பெருமானே, வளைந்த துதிக்கையோனே, இக்கதை இடறாமல் நடக்கத் துணை நிற்பாய்! இதில் வரும் வீரர் உன் சந்நிதியில் நின்று உன் துதிக்கையைக் கண்டு ஒரு கணம் முகம் சுளித்ததுண்டு. அவர் சுபாவம் அப்படி, பொறுத்துக்கொள்.

வாழ்க பிச்சமுத்து! திருச்சியிலிருந்து மணப்பாறை போகும் சாலையோரம், செம்மண் புழுதி பறக்கும் மேட்டுக்காட்டில் மூன்று ஏக்கருக்கு முடிசூடிய மன்னர். மயிலைக்காளை இரண்டுடைய மாவீரர். கோணல் கண்டால் கொதித்தெழும் கோமான். டீக்கடை, களத்துமேடு, பஸ் நிற்கும் புளியமரம், கள்ளிவேலிக்கு அப்பால் காளியாயியின் காடு என்னும் நாற்றிசையும் புகழ் பரப்பிய நேர்சால் வேந்தர். அவர் ஏர் பிடித்து ஒரு சால் ஓட்டினால், கயிறு கட்டிச் சரிபார்க்க வந்தவர்கள் கயிற்றைத்தான் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்லும் தரகர்கள் சாலையில் நின்று அந்த உழவைப் பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பார்கள்.

அவருடைய செங்கோல் உழவோடு நின்றதில்லை. டீக்கடைச் சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நிமிர்த்துவார். பந்தியில் இலை ஒரு விரற்கடை திரும்பியிருந்தால் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் கண்டது பெண்ணின் முகத்தையல்ல, நெற்றியிலிருந்து உச்சிவரை ஓடிய வகிட்டை. நட்ட நடுவில், பிசகாமல், அவர் ஓட்டிய சால் போலவே கிடந்தது அது. அக்கணமே சம்மதித்தார். அந்த வகிட்டுக்கு உரியவளான மட்டுவார்குழலி, பின்னாளில் சினிமாக் கொட்டகையில் கண்ட கோண வகிட்டின்மேல் ஆசைகொண்டு ஒரு தீபாவளிக்கு அப்படிச் சீவிப் பார்த்தாள். வேந்தர் அன்று பலகாரம் தொடவில்லை. அவளும் பழையபடி நடுவிலேயே எடுத்துக்கொண்டு ஆசையைச் சீப்போடு சேர்த்துச் சுவர் மாடப்பிறையில் வைத்துவிட்டாள்.

இத்தகைய மன்னருக்கும் பகை உண்டு. ஐப்பசி தோறும் இடியை முரசாக்கி மின்னலைக் கொடியாக்கிப் படையெடுத்து வரும் மழைநீர், சரிவான அந்தக் காட்டில் மேலிருந்து கீழாகப் பாய்ந்து, மேல்மண்ணை வாரிச் சுருட்டிக் கள்ளிவேலி தாண்டிக் காளியாயியின் காட்டில் கொண்டுபோய்க் கொட்டும். மன்னர் நிலத்தில் சரளைக்கல் பல்லிளிக்கும். காளியாயி நிலத்தில் கடலை கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அவளோ நன்றி மறவாதவள். ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு படி கடலையை முறத்தில் ஏந்தி வந்து, "அண்ணே, உங்க மண்ணுல வெளஞ்சதுதான். அவிச்சுத் தின்னுங்க" என்று வாசலில் வைப்பாள். அவள் சொன்னதில் சூது கிடையாது. அதனாலேயே அந்தக் கடலை பிச்சமுத்துவின் தொண்டையில் இறங்க மறுத்தது.

இவ்வாறிருக்க, இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடியப்போகும் அறுபத்தொன்றாம் ஆண்டுத் தை மாதத்தில், டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட சர்க்காரின் கருணை, கண்டோன்மெண்டு ஓட்டுக் கட்டடம் ஒன்றில் சற்றே தங்கி இளைப்பாறி, மணப்பாறை பஸ்ஸில் ஏறி, புளியமரத்தடியில் வந்து இறங்கியது. அதன் திருவுருவம் அழகியமணவாளன். ஸ்ரீரங்கத்துக்காரர், மண் அரிப்புத் தடுப்பு உதவியாளர், நெற்றியில் பளிச்சென்று திருமண் துலங்கும் இளைஞர். பின்னால் முக்காலியையும் தூரதிருஷ்டிக் குழாயையும் தோளில் சுமந்து வந்தவர் ஆபீஸ் பியூன் ஷேக் தாவூது.

திட்டம் இதுதான். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும்படி வரப்பு போட வேண்டும். தண்ணீர் அதில் நின்று நிலத்துக்குள் இறங்கும், மண் போகாது. செலவில் பாதி சர்க்காருடையது, பாதி விவசாயியுடையது. ஆனால் முழுச் செலவையும் விவசாயி முதலில் செய்துவிட வேண்டும். வரப்பை அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் சர்க்கார் பாதி வரும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அளவு முடியாவிட்டால் அதுவும் வராது.

குழாயில் ஒரு கண்ணும், ஷேக் தாவூது பிடித்த அளவுகோலில் உயிருமாக நின்று அழகியமணவாளன் மட்டம் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் முளைக்குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டே போனார். மாலையில் மன்னர் மேட்டில் ஏறி நின்று பார்த்தார். ஐயகோ! தாம் இருபது வருஷம் நேர்க்கோட்டு நீதி செலுத்திய நிலத்தின் நடுவே, பள்ளம் கண்ட இடத்தில் மேலே ஏறியும் மேடு கண்ட இடத்தில் கீழே இறங்கியும், ஆட்டை விழுங்கிய பாம்பு போல ஒரு வெள்ளைக்கோடு நெளிந்து கிடந்தது. இத்தனை நேராகத் திருமண் இட்டுக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியவில்லையே என்று அவருக்கு மெய்யாகவே இரக்கம் உண்டாயிற்று. அந்த இரக்கத்தில்தான் விபரீதம் பிறந்தது.

பஸ் புறப்பட்டுப் போனதும் மன்னர் வடக்கயிற்றை எடுத்தார். கோட்டின் முதல் குச்சியில் ஒரு முனை, கடைசிக் குச்சியில் மறுமுனை. இடையில் இருந்த அத்தனை குச்சிகளையும் பிடுங்கி விறகுக்குப் போட்டார். கயிறு விறைத்து நின்றது. மட்டுவார்குழலி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அவரு அம்புட்டு நேரம் குனிஞ்சு பாத்துக் கோடு போட்டுட்டுப் போயிருக்காரு. காரணம் இல்லாமயா இருக்கும்?"

"சின்னப்புள்ள. கை பழகல. நாம திருத்திக் குடுத்தா சந்தோசப்படும்."

"தண்ணிக்கு நேரு கோணல் எல்லாம் தெரியாதுங்க. மேடு பள்ளம்தான் தெரியும்."

மறுநாளே வேந்தர் களம் இறங்கினார். எட்டு ஆள் கூலிக்கு அமர்த்தி, பத்து நாள் பகலெல்லாம் மண்வெட்டி மின்ன, கூடைகள் பறக்க, வியர்வை ஆறாக, கையிருப்பெல்லாம் கரைய, கோட்டை மதில் போல் வரப்பெழுப்பினார். டீக்கடை முழுதும் திரண்டு வந்து பார்த்து வாயடைத்தது. ஒரு முனையில் குந்திக் கண்ணைச் சுருக்கினால் மறுமுனையில் நிற்கும் ஆள் மட்டுமே தெரிவார்; வரப்பில் ஒரு புடைப்பில்லை, ஒரு நெளிவில்லை.

மாசிப் பிறப்பில் அளவுக்கு வந்த ஷேக் தாவூது அதைக் கண்டதும் தோளிலிருந்த முக்காலியை இறக்க மறந்து, "மாஷா அல்லா! என்னா நேரு!" என்று உரக்க வியந்துவிட்டார். அழகியமணவாளன் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதி வியப்பை விழுங்கினார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள்!" என்று அழகியமணவாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நான் அளக்கவே முடியாது. கோட்டுப்படி வளைச்சுப் போட்டாத்தான் சர்க்கார் பங்கு."

அப்போது நேர்சால் வேந்தர் நெஞ்சு நிமிர்த்தி, காடும் கரடும் கேட்க, காளைகள் அசைபோடுவதை நிறுத்திச் செவி சாய்க்க, உரைத்த சூளுரை இது: "கேட்டுக்குங்க சார். இந்தக் கையி பொறந்ததுலேர்ந்து கோணல் போட்டதில்ல. கை போனாலும் போகட்டும், வரப்பு வளையாது!"

ஸ்ரீரங்கத்தார் கோபிக்கவில்லை. "காவேரி நேராவா ஓடறா? பெருமாள் சயனிச்சிண்டிருக்கிற இடத்தைச் சுத்தி ரெண்டு கையாலயும் வளைச்சுன்னா பிடிச்சிண்டிருக்கா. அந்த அம்மாவுக்குத் தெரியாத நேரா உமக்குத் தெரிஞ்சுடுத்து?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

மன்னர் மேல்முறையீட்டுக்குத் திருச்சிக்குப் படையெடுத்தார். கண்டோன்மெண்டு ஆபீஸ் பெஞ்சில் காலை முதல் அமர்ந்து, அந்தப் பெஞ்சு சுவருக்கு இணையாக இல்லாததைக் கண்டு இருமுறை நகர்த்தி வைத்து, பெரிய அதிகாரி முகாம் போயிருக்கிறார் என்ற செய்தியை மாலையில் பெற்றார். வந்ததுதான் வந்தோம், ரங்கநாதரையாவது சேவிப்போம் என்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார். பாலத்தின்மேல் போகையில் காவிரியைப் பார்த்தார். உண்மைதான், அவள் வளைந்துதான் போனாள். அன்று முதல் அவர் காவிரியையும் மன்னிக்கவில்லை.

இங்கே கதையில் கொஞ்சம் நெஞ்சடைக்கும் இடம் வருகிறது. கூலி கொடுத்ததில் வீட்டில் நெல் வாங்கவும் காசில்லை. சர்க்கார் பாதி வராவிட்டால் விற்பதற்கு வீட்டில் இருந்த ஒரே பொருள் கொட்டிலில் நின்றது. ஒரு மத்தியானம் மணப்பாறைத் தரகர் வந்து வலது மயிலையின் வாயைத் திறந்து பல் பார்த்தார். அடுத்த மாதச் சந்தைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று கிளம்பினார். இரண்டு காளையும் சேர்ந்து இழுத்தால்தான் சால் நேராக வரும். ஒற்றை மாட்டையும் இரவல் மாட்டையும் பூட்டி எந்தச் சால் நேராக வந்திருக்கிறது? பிச்சமுத்து மயிலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. வைக்கோல் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

மாசிக் கடைசியில், எவரும் எதிர்பாராத ஒரு பகற்பொழுதில், வானம் கறுத்தது. ஐப்பசிப் படையின் ஒரு சிறு பிரிவு வழிதவறி வந்துவிட்டது போல ஒரு நாழிகை மழை. வந்த வெள்ளம் மதிலை முட்டியது. நேர்மையைக் கண்டு வணங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அவ்வெள்ளம், வரப்பைத் தொட்டுக்கொண்டே பக்கவாட்டில் ஓடி, நடுவில் இருந்த பள்ளத்தில் ஒன்றுகூடி, ஆலோசித்து, ஒரே உந்தில் மதிலைப் பெயர்த்துக்கொண்டு கள்ளிவேலிக்கு அப்பால் போயிற்று.

மழை விட்டதும் முதலில் வந்தவள் காளியாயி. முறமில்லை, கையில் கூடை.

"அண்ணே, இந்தத் தடவ வரப்போட சேத்து வந்திருச்சு. எனக்கே மனசு கேக்கல. ஆளுக்கொரு கூடை எடுங்க, அள்ளித் திருப்பிப் போட்டுருவோம்."

வேந்தர் உடைப்பை நோக்கி நடந்தார். உடைந்த வரப்புக்கு மேற்புறம் தேங்கிய நீர் வடிந்துகொண்டிருந்தது. அது நின்ற எல்லையில் சருகும் சோளத்தட்டையும் ஒதுங்கி ஒரு கோடாகக் கிடந்தன. பள்ளத்தில் மேலே ஏறி, மேட்டில் கீழே இறங்கி, ஆட்டை விழுங்கிய பாம்பு போல, சுண்ணாம்புத் தூள் கிடந்த அதே நெளிவில். குழாயும் முக்காலியும் இல்லாமல் தண்ணீர் தானே போட்டுக் காட்டிய கோடு அது. பிச்சமுத்து அதன் ஒரு முனையில் குந்தி, பழக்க தோஷத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

போர் என்றால் அதன்பின் நடந்ததுதான் போர். கூலி ஆள் இல்லை. மன்னர், மட்டுவார்குழலி, காளியாயி மூவர்தான் சேனை. பகைவன் மன்னரின் வலது கை. இருபது வருஷப் பயிற்சி பெற்ற அந்தக் கை, மனம் வளை என்று கட்டளையிட்ட இடத்திலெல்லாம் கலகம் செய்து நிமிர்ந்தது. காலையில் போட்ட வளைவை மத்தியானத்துக்குள் அறியாமலே தட்டித் தட்டி நேராக்கிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் மட்டுவார்குழலி ஓர் உபாயம் கண்டாள். "நான் சருகு மேலேயே நடக்கறேன். என் காலடி விழுந்த எடத்துல மண்ணப் போடுங்க. நிமிந்து பாக்காதீங்க" என்றாள். அவள் முன்னே நடக்க, நேர்சால் வேந்தர் தலைகுனிந்து, பார்வையை அவள் குதிகாலில் மட்டும் நிறுத்தி, பதினோரு நாள் வெட்டிப் போட்டார். அவள் எங்கே வளைந்தாளோ அங்கே வரப்பும் வளைந்தது.

மார்ச் முப்பத்தொன்று. மாலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரமே இருக்கையில் ஷேக் தாவூது அளவுச் சங்கிலி பிடிக்க, அழகியமணவாளன் குழாயில் மட்டம் பார்த்து, முனை முதல் முனை வரை நடந்து, திரும்பி நடந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை உதறி, உலகம் மூச்சடக்கிக் காத்திருக்கக் கையெழுத்திட்டார். வளைந்த வரப்பு, முன்பு போட்ட நேரான வரப்பைவிட நீளம் என்பதால் சர்க்கார் பங்கும் சற்றே கூடிற்று. முழங்குக முரசம்! பிழைத்தது வலது மயிலை! மாடு விற்பனைக்கில்லை என்று தரகருக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. கொட்டிலில் இரு காளைகளும் ஒரே தாளத்தில் அசைபோட்டன. கோணலை வெல்லப் புறப்பட்டுக் கோணலால் வெல்லப்பட்ட கோமான், வெற்றியா தோல்வியா என்று விளங்காத பெருமிதத்தோடு, அஸ்தமன வேளையில் தம் அரண்மனைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் மட்டுவார்குழலி கோண வகிடு எடுத்துச் சீவிக்கொண்டு வந்து கஞ்சி ஊற்றினாள், பிச்சமுத்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்டார்.