ஆந்தை இல்லாத பேய்ப்படம்

“ஆந்தை எங்கம்மா?”

“மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆந்தை எப்படி சார் வரும்?”

“அப்ப ராத்திரியில எடுத்திருக்கணும். பேய்ப்படத்தை எவனாவது வெயில்ல எடுப்பானா? மூடுபனி இல்ல, கிரீச்சுனு திறக்குற கதவு இல்ல, வெள்ளைச் சேலை இல்ல. நெல்லு குமிஞ்சு கிடக்கு. இது பேய்ப்படமா, விவசாய விளம்பரமா?”

“பாதிதான் சார் ஓடியிருக்கு. மீதியும் பாருங்க.”

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் விஸ்காம் துறையில் நடந்த இந்தச் சண்டை வராந்தா வரைக்கும் கேட்டது. கேட்டவர்கள் பாக்கியசாலிகள். ஏனென்றால் உலக சினிமா இன்றும் விழாமல் நிற்பதற்குக் காரணம் இயக்குநர்கள் இல்லை, நடிகர்கள் இல்லை, பேராசிரியர் சகாயராஜ் தயாரித்த ஒற்றைத் தாள்தான். அதன் திருநாமம் ‘வகைமை மரபுக்கூறு மதிப்பீட்டுப் படிவம்’.

இறுதியாண்டு மாணவர்கள் ஒரு படத்தின் ஆரம்பக் காட்சியை இரண்டு நிமிடத்துக்கு எடுத்து வர வேண்டும். அந்த வகைப் படத்துக்கு உரிய அடையாளங்கள் இருக்கின்றனவா என்று சார் கட்டம் கட்டமாக டிக் அடிப்பார். பேய்ப்படத்துக்கு இருபது கட்டம். கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண். இருபது மதிப்பெண் எடுத்தால் பாஸ். ஆந்தை, கொலுசுச் சத்தம், அணைந்து அணைந்து எரியும் பல்பு என்று போகும் பட்டியலில் கடைசிக் கட்டம் ‘பயம்’. அது முதலில் இல்லை. ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது ஞாபகம் வந்து, பேனாவால் சேர்த்தது.

அன்று காலையில்தான் வெற்றிசெல்வனின் படம் நாற்பதுக்கு நாற்பது வாங்கியிருந்தது. பையன் ஊரில் கொசுப் புகை அடிக்கும் மெஷினைக் கேட்டு வாங்கி வந்து அடித்த அடியில், திரையில் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“உள்ள வெள்ளைச் சேலை நிக்குது சார்.”

“தெரியுது தெரியுது,” என்று சார் டிக் அடித்தார். ஆந்தை கத்தியபோது அவர் இரண்டாவது சமோசாவில் இருந்தார். மதிப்பீட்டுக் குழுவின் இன்னொரு உறுப்பினரான அம்சவல்லி மேடம் தூங்கிவிட்டார். பயத்துக்கும் டிக் விழுந்தது. பத்தொன்பது இருக்கும்போது அது மட்டும் இல்லாமலா போகும்?

இப்போது, ஆந்தை இல்லாமல் எடுத்து வந்த லின்சியின் முறை. காக்கை, ஆள் இல்லாத இடம், திடீர் அமைதி என்று ஓடிய பாதியில் தேடித் தேடி ஒன்பது கட்டம் தேறியது. பதினெட்டு.

“இன்னும் ஒரு கட்டம் சார். கெடச்சா புள்ள பாஸ். இல்லேன்னா பட்டத்துக்கு இன்னொரு வருஷம் உக்காரணும்,” என்றார் அம்சவல்லி.

“சட்டம்னா சட்டம் மேடம். ஓட விடுங்க.”

திரையில் நெல் கொள்முதல் நிலையத்து வாசல். கண் கூசும் வெயில். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பெண். எழுத்தர் ஈரப்பதம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாக்கு இல்ல, நாளைக்கு வாங்க,” என்கிறார். காற்று நிற்கிறது. காக்கை வாயை மூடிக்கொள்கிறது. குவியலின் உச்சியில், டொப். ஒரே ஒரு சொட்டு. ஒரு நெல்மணி மட்டும் கருக்கிறது. இன்னொரு டொப். அப்புறம் ஸ்பீக்கர் கிழியக் கொட்டியது.

நாற்காலி பின்னால் விழுந்தது. டீ டம்ளர் உருண்டது. சகாயராஜ் சாரைக் காணோம். அவருடைய சொந்த நெல் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் பதினோரு நாளாகத் திறந்தவெளியில் கிடந்தது. வராந்தாவிலிருந்து அவர் போனில் கத்தும் குரல் மட்டும் வந்தது.

“மச்சான்! தார்ப்பாயை இழு! மழை!”

“இங்க வெயில் மண்டையப் பொளக்குது மச்சான்,” என்றார் மறுமுனையில், நெல்லுக்குக் காவல் இருந்த குழந்தைராஜ்.

“இங்க கொட்டுதுடா! வந்துரும்! இழு!”

குழந்தைராஜ் தார்ப்பாயைப் பிடித்தார். இழுத்தார். அவர் இழுப்பதைப் பார்த்துப் பக்கத்துக் குவியல்காரர் இழுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஐந்தே நிமிடத்தில் நாற்பது குவியலும் மூடியாகிவிட்டது. நிலையத்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். ‘மழை காரணமாக இன்று கொள்முதல் இல்லை’ என்று பலகையில் எழுதினார். கதவைப் பூட்டினார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்கில் வீட்டுக்குப் போனார்.

வராந்தாவில் நின்ற சார் அப்போதுதான் தன் நிழலைப் பார்த்தார். பளிச்சென்று விழுந்திருந்தது. உள்ளே வந்தார். நாற்காலியை நிமிர்த்தினார். கண்ணியமாக உட்கார்ந்து, ‘பயம்’ கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

“சார்! நீங்க ஓடுனீங்களே!” லின்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“ஓடுனேன். இல்லேங்கல. ஆனா அது பயம் இல்லம்மா. அது நெல்லு.”

“இன்னும் ஜன்னல் வழியா வானத்தையே பாக்குறீங்களே சார்,” என்றார் அம்சவல்லி.

“நீங்க பட்டுக்கோட்டை மேடம். தென்னந்தோப்பு. மழைன்னா உங்களுக்குக் கொண்டாட்டம். நல்லாக் கேட்டுக்குங்க. பேய்ப்படத்து பயம் படம் முடிஞ்சதும் போயிடணும், அதுதான் மரபு. இது போக மாட்டேங்குது. அதனால மரபுப்படி இது பயமே இல்ல.”

இதற்கு எதிராக வாதாட உலகத்தில் யாராலும் முடியாது. அம்சவல்லி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘காட்சியைப் பார்த்தோ கேட்டறிந்தோ வெளியார் மூவர் “பயந்தேன்” என எழுதிக் கொடுத்தால், முடிவு மறுபரிசீலிக்கப்படும்.’ ஒரு கம்பீரத்துக்காக சாரே சேர்த்தது.

“தார்ப்பாய் இழுத்த நாப்பது பேர் இருக்காங்களே சார்?”

“அவங்க செல்லாது. எல்லாரும் பயந்து போயிருக்காங்க. நடுநிலையா எழுத மாட்டாங்க.”

ஆகவே வேறு மூன்று பேர் வேண்டும். அந்த ஒரு சொட்டை நீங்களும் இப்போது கேட்டறிந்துவிட்டீர்கள். பயந்திருந்தால் ‘பயந்தேன்’ என்று ஊர் பேரோடு கீழே ஒரு வரி பதில் போடுங்கள். வெள்ளிக்கிழமை மதிப்பெண் பட்டியல் போகிறது.

சகாயராஜ் சார், இதை நீங்களும் படிப்பீர்கள். ஒரு நெல்மணி நனைந்ததற்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினவர், ஒரு டிக் அடிக்க ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்? அதற்கும் பதில் போடுங்கள்.