ஐந்தாம் மாடிச் சத்தம்

ஓவிதியோ கதவைத் தட்டியபோது, வில்மார் முந்தின நாள் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியதில் விரலில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஓவிதியோ அந்தக் கட்டடத்தின் காவலாளி. லிஃப்ட் கெட்டுப்போனதிலிருந்து மாடிப்படிதான் கதி. ஐந்தாவது மாடிக்கு வந்து சேரும்போது அவரிடம் மூச்சு மிச்சமிருக்காது.

"தம்பி... மூணாவது மாடி ஓல்கா அம்மா... உங்க பாட்டுச் சத்தத்தைப் பத்தி..."

"புரியுது அண்ணே. நான் பாத்துக்கறேன்னு சொல்லிடுங்க" என்று வில்மார் கதவைச் சாத்திவிட்டான்.

வில்மார் காலையில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவான். மாலையில் 'ஓட்டைக் குடைகள்' என்ற ராக் குழுவின் பாடகன், கிதார்காரன், தலைவன். குளிர்காலம் முழுக்க அந்தச் சின்ன வீட்டில்தான் ஒத்திகை. ஸ்கா இசையின் துள்ளல், ரெக்கே இசையின் சோம்பல், அவர்கள் ஊரான மோன்தேவீதேயோவின் தெற்குத் தெருக்களில் ஞாயிறுதோறும் கேட்கும் முரசு மூன்றையும் ஒரே பாட்டில் கொண்டுவரவேண்டும் என்பது அவன் பிடிவாதம். இத்தனை நாள் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஆல்பத்தைப் பதிவு செய்ய மைக்கும் கருவிகளும் இரவல் வாங்கி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டையும் ஒட்டிய மறுநாளே புகார் வந்துவிட்டது.

"பாவம், எவ்வளவு நாள்தான் பொறுப்பாங்க?" என்றாள் நிதியா. அவள் வில்மாரின் மனைவி, அவளும் ஆசிரியைதான். ஐந்து பேர் ஒத்திகை பார்க்கும் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தப் பழகியவள்.

வில்மார் உடனே செயலில் இறங்கினான். படுக்கையறை மெத்தையை இழுத்துவந்து, உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னலில் சாத்தி, கயிற்றால் கட்டினான். அன்று இரவு இருவரும் கட்டில் பலகையில் போர்வை விரித்துப் படுத்தார்கள். விடியும்வரை நிதியா, புரளும்போதெல்லாம் நன்றாகக் கேட்கும்படி முனகினாள்.

அடுத்த நாள் ஓவிதியோ மறுபடி ஏறி வந்தார். இந்த முறை புகாரில் முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஏபரும் சேர்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமே ரொம்ப வருத்தப்படறாங்க தம்பி. அந்தச் சத்தம்..."

"இன்னிக்கே சரி பண்ணிடறேன் அண்ணே."

"இல்ல தம்பி, அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"நீங்க சொல்லவே வேணாம். எனக்கே வெக்கமா இருக்கு."

கதவு மூடியது.

மெத்தைக்கே அடங்காத சத்தம் எது என்று வில்மார் யோசித்தான். சந்தேகமே இல்லை, செல்வாவின் டிராம்போன்தான். செல்வா குழுவில் அந்தப் பித்தளை ஊதுகுழலை வாசிக்கும் ஆறடி உயரப் பெண். அவள் ஊதினால் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இனிமேல் துணி அலமாரிக்குள் தலையை விட்டுத்தான் ஊதவேண்டும் என்று வில்மார் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

செல்வா அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உள்ள பூச்சி உருண்டை வாசனை அடிக்குது. நான் மூச்சை இழுத்துத்தான் ஊதணும். தெரியுமில்ல?"

ஆனாலும் ஊதினாள். நிதியாவின் குளிர்கால மேலங்கிகளில் டிராம்போனின் எச்சில் நீர் சொட்டியது. அதைக் கண்டுபிடித்த நிதியா இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று வில்மாருக்குத் தோன்றியது.

மறுபடி புகார். இப்போது நான்காவது மாடியும் சேர்ந்துவிட்டது.

கடைசியாக முரசுகளின்மேல் கைவைத்தான். பெரிய முரசை அடிப்பவன் கோயோ. அவன் அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் தெற்குத் தெருவில் அதே முரசை அடித்தவர்கள். அந்தத் தோலின்மேல் வில்மார் குளியல் துண்டை விரித்ததும் கோயோ கைகளைக் கட்டிக்கொண்டான்.

"வில்மார், உங்க பாட்டி கல்யாணத்துல யாராவது அவங்க மூஞ்சில துண்டு போட்டு மூடினாங்களா?"

"ரெண்டு நாள்தான்டா. ஒரே ஒரு பாட்டு பாக்கி."

பாக்கியிருந்த அந்தப் பாட்டுத்தான் ஆல்பத்தின் உயிர். ஸ்காவாக ஆரம்பித்து, நடுவில் ரெக்கேயாகத் தளர்ந்து, கடைசியில் மூன்று முரசும் சேர்ந்து பிடித்துக்கொள்ளவேண்டும். துண்டு போட்டு அடித்துப் பதிவு செய்ததைக் கேட்டார்கள். யாரோ பக்கத்து வீட்டில் கம்பளம் தட்டுவதுபோல் இருந்தது. இரவல் கருவிகளை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தாகவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஓவிதியோ வந்தார். படியில் உட்கார்ந்து, கைக்குடுவையில் ஆறிப்போன மாத்தே டீயைக் குழலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் முற்றத்துல கூடறாங்க தம்பி. உங்க விஷயமாத்தான். நீங்களும் வரணுமாம். என்ன விஷயம்னா..."

"வரேன் அண்ணே" என்றான் வில்மார்.

அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் எட்டு வருடக் கனவைத் துண்டு போட்டு மூடிவிட்டுப் போகவேண்டுமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நிதியாவிடம், நாளை முற்றத்திலேயே வைத்து, எல்லார் முன்னாலும், மூடாமல் மறைக்காமல் அந்தப் பாட்டைப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னான்.

நிதியா பேனாவை மூடி வைத்தாள். "நல்லது. மெத்தையை இறக்கு" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டடமே நாற்காலியோடும் மாத்தே குடுவையோடும் இறங்கி வந்துவிட்டது. ஓல்கா அம்மா எண்ணெயில் பொரித்த தோர்த்தா ரொட்டிகூட ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார். தூக்கில் போடுவதை வேடிக்கை பார்க்கக்கூடத் தின்பண்டத்தோடு வருகிறார்களே என்று வில்மார் நினைத்துக்கொண்டான்.

கோயோ முற்றத்தின் மூலையில் செய்தித்தாளைக் குவித்துத் தீ மூட்டினான். முரசுகளை அதன் பக்கம் சாய்த்து, தோல் இறுகும்வரை காய்ச்சினான். யாரும் தடுக்கவில்லை. ஏபர் எழுந்து வாயைத் திறக்குமுன் வில்மார் கையை உயர்த்தினான்.

"முதல்ல எங்க பாட்டு. அப்புறம் உங்க தீர்ப்பு."

கிதார் துள்ளியது. செல்வா அலமாரியிலிருந்து விடுதலையான கோபம் முழுவதையும் டிராம்போனில் கொட்டினாள். மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஸ்காவின் தாளத்துக்குக் கைதட்டப் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஆனால் இந்தக் கூட்டமோ எடுத்த எடுப்பில் சரியான இடத்தில் தட்டியது. நம் இசையின் வலிமை என்று வில்மார் பூரித்தான். ரெக்கே வந்ததும் ஏபர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசியில் மூன்று முரசும் வெடித்தபோது நாற்காலிகள் காலியாகிவிட்டன. ஓல்கா அம்மா இடுப்பில் கைவைத்து, குதிகாலைத் தரையில் தேய்த்து ஆடினார். பல்லவியை மொத்த முற்றமும் பாடியது. நான்கு சுவர்களும் அதைத் திருப்பிப் பாடின.

பாட்டு முடிந்தது. பதிவுக் கருவிமேல் குனிந்திருந்த நிதியா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "அப்படியே விழுந்திருக்கு. ஒரு தப்பு இல்ல. இதுதான் ஆல்பம்" என்றாள்.

கோயோ வில்மாரைத் தூக்கிச் சுற்றினான். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஒரே பாட்டில் எதிரிகள் அத்தனை பேரையும் வென்றுவிட்ட பெருந்தன்மையோடு வில்மார் நாற்காலிமேல் ஏறினான்.

"இத்தனை நாள் எங்க சத்தம் உங்களுக்குத் தொல்லையா இருந்திருக்கும். நீங்க புகார் பண்ணதுல ஒரு தப்பும் இல்ல. எங்களை மன்னிச்சிடுங்க."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓல்கா அம்மா மெதுவாகக் காவலாளி பக்கம் திரும்பினார்.

"ஓவிதியோ, நீ இவங்ககிட்ட என்னதான்யா சொன்னே?"

"எங்க சொல்ல விட்டாரு?" என்றார் ஓவிதியோ. "'குளிர்காலம் பூரா நல்லாக் கேட்ட பாட்டு இப்பச் சரியாவே கேக்க மாட்டேங்குது, சுவத்துல ஒட்டினதை எல்லாம் பிச்சுப் போடச் சொல்லு'ன்னு நீங்க சொல்லி அனுப்பினதைச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் அஞ்சு மாடி ஏறினேன்."