ஏழு பாஷையில் அதட்டியவர்

பெங்களூரில் ஏழு பாஷை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஏழு பாஷையிலும் அதட்ட மட்டுமே தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் ஷெல்டரில் அவருக்கு ஏழுபாஷை என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்.

தங்கவயலில் பிறந்து ஆடுகோடியில் குடியேறியவர். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி, உருது, இங்கிலீஷ் என்று ஏழிலும் ‘உள்ள போ’, ‘தள்ளி நில்’, ‘இறங்கு’ எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ‘சௌக்கியமா’ என்பது மட்டும் ஒன்றிலும் வராது.

ஓய்வு பெற்றதும் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஷெல்டருக்கு வந்து சேர்ந்துவிட்டார். வீடு மாறிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய், பூனைகளை எடுத்து வைத்து, வேறு வீடு பார்த்துக் கொடுக்கிற இடம் அது. வந்த வாரத்திலேயே ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தார். “மனுசன் வீட்ட காலி பண்ணிட்டுப் போயிடுவான் தம்பி. நாய் அந்த வீட்டு பாஷைய காலி பண்ணாது.”

ஆகவே புதிதாக வரும் நாய்க்கெல்லாம் பரீட்சை. எதிரே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘உட்காரு’ என்பதை ஏழு பாஷையிலும் வரிசையாகச் சொல்வார். கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காத பயணியிடம் பேசும் அதே குரல். எதற்கு உட்காருகிறதோ அந்தப் பாஷையின் முதல் எழுத்தைக் கூண்டுக் கதவில் சாக்பீஸால் எழுதுவார். பனிப்பிரதேசத்து ஜாதி ஹஸ்கி ஒன்று, மற்ற ஆறு மொழிகளுக்கும் அசையாமல் நின்றுவிட்டு, ‘கூத்கோ’ என்றதும் அச்சுப்போல உட்கார்ந்தது. அதற்குக் கன்னட வீடு கிடைக்கும்வரை இரண்டு மாதம் யாருக்கும் தரவில்லை. பூனைகளுக்கு மட்டும் பரீட்சை கிடையாது. எந்தப் பாஷையில் சொன்னாலும் அவை கேட்காது என்பது அதே ரகப் பயணிகளிடம் பஸ்ஸிலேயே அனுபவித்துத் தெரிந்தது என்பார்.

நாய் கேட்டு வருகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஒருமுறை ஐ.டி. கம்பெனித் தம்பதி வந்தார்கள். கணவர் வங்காளி, மனைவி மலையாளி. வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவோம் என்றார்கள். ஏழுபாஷை தத்தெடுப்புப் பாரத்தை மூடிவைத்தார்.

“சண்ட எந்த பாஷைல?”

நாங்கள் சண்டையே போடுவதில்லை என்று கணவர் புன்னகையோடு சொன்னார். மனைவி அவரைப் பார்த்து மலையாளத்தில் நீளமாக ஒன்று சொன்னார். கணவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ‘ம’ என்று எழுதிய கூண்டிலிருந்த வெள்ளை நாய் எழுந்து கம்பியோரம் வந்து நின்றது. ஏழுபாஷை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் அப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தங்கியிருந்த பி.ஜி.யில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவது கஷ்டமாக இருந்ததால் ஷெல்டருக்கு வேலை செய்யப் போவேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பிப் பயனில்லை. வாரம் முழுக்க நடந்ததை ஞாயிறு பதினோரு மணிக்குப் போனில் வாயால் சொல்லியாக வேண்டும். பி.ஜி. சாம்பாரில் எத்தனை முருங்கைத் துண்டு என்பது உட்பட எதையும் விடக்கூடாது.

அந்த மழைக்காலத்தில்தான் பழுப்பு வந்தது. முகம் நரைத்த நாட்டு நாய். யாரோ ஷெல்டர் கேட்டில் ஒரு பழைய பெட்ஷீட்டோடும் எவர்சில்வர் தட்டோடும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு பாஷைக்கும் அது உட்காரவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு மறுபடி கேட்டைப் பார்த்தது.

ஏழுபாஷை விடுவதாக இல்லை. பக்கத்துக் கட்டிட வேலையிலிருந்து ஒடியாக்காரரைக் கூட்டிவந்தார். செக்யூரிட்டி நேபாளி, டீக்கடையில் அஸ்ஸாமி, இஸ்திரி வண்டிக்காரரிடம் மராத்தி. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரவர் பாஷையில் ‘உட்காரு’ என்று அதட்டிவிட்டுப் போனார்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்காம் நாள் குளுக்கோஸ் ஏற்றினார். இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் இந்த வயதில் தாங்காது என்றும் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. சோற்றுத் தட்டோடு என்னை அதன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஏழுபாஷை பன்னிரண்டாவது மொழி தேடிக் கிளம்பினார். பதினோரு மணிக்கு அம்மாவின் போன். சூப்பர்வைசர் எரிந்து விழுந்தது, பி.ஜி. ஓனர் வெந்நீர் கெய்சரைப் பூட்டி வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் பார்த்தால் பழுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொடர்ந்தேன். எழுந்து வந்து என் காலடியில் படுத்தது. கெய்சர் கதை முடிவதற்குள் தட்டில் வாய் வைத்துவிட்டது. எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்குச் சாப்பாடும் நின்றது.

“இன்னாடா, சத்தத்தையே காணோம்?” என்றாள் அம்மா.

“நாய்மா. அஞ்சு நாளா சாப்பிடல. நான் பேசினா சாப்பிடுது.”

“அதுங்கிட்ட போன குடு.”

ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தேன். ரேஷன் கடை மெஷின் தன் கைரேகையை ஏற்காத அநியாயத்தை அம்மா அதனிடம் ஆதியோடந்தமாகச் சொன்னாள். கட்டைவிரல் முடிந்து ஆள்காட்டி விரலுக்கு வரும்போது தட்டு பாதி காலி.

வெறுங்கையோடு திரும்பி வந்த ஏழுபாஷை இதைப் பார்த்தார். ஓடிவந்து, “சாப்பிடு” என்றார். அது தலையைத் தூக்கிவிட்டது.

“அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றேன். முப்பது வருட சர்வீஸில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சும்மா இருந்தார். பிறகு ஏதோ தோன்றி, சமையல் செய்யும் கௌரம்மாவைக் கூப்பிட்டு, கன்னடத்தில் எதையாவது பேசச் சொன்னார். கௌரம்மா தன் மகளின் மாமியாரைப் பற்றிப் பேசினார். இரண்டாவது தட்டும் காலியானது.

ஏழுபாஷை தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“இத யாரும் அதட்டினதே இல்ல தம்பி. பக்கத்துல உக்காந்து கத பேசியே வளர்த்திருக்காங்க.” பிறகு, “நான்தான் இத்தன நாளா தப்பா கேட்டுனு இருந்திருக்கேன்” என்றார்.

மறுவாரம் எந்தக் கூண்டுக் கதவிலும் எழுத்து இல்லை. எல்லாம் துடைக்கப்பட்டிருந்தது.

பழுப்பை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அது என் காலடியில் படுத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில், வேலைக்கு என்று ஊரை விட்டு வந்தபின் முதல்முறையாக எனக்குப் பெங்களூரில் ஒரு வீடு இருப்பதுபோல் இருந்தது. பி.ஜி.யை விட்டுவிட்டுத் தனி ரூம் எடுக்கிறேன் என்றேன். அவர் பாரத்தை எடுத்தார். தெரிந்தவன் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

“காலைல எத்தன மணிக்குப் போற?”

“ஏழரைக்குண்ணே.”

“வர்றது?”

“எட்டு. எட்டரை ஆயிடும்.”

“பகல் பூரா அதுக்கு யாரு பேசுவா?”

அவர் பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே தையல் வைத்திருக்கும் மேரி அக்காவுக்குப் பழுப்பு போயிற்று. வாயில் குண்டூசி இருக்கும்போதுகூடப் பேசுகிறவர். யாரோ அளவு ஜாக்கெட்டை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிய கதையை ஷெல்டர் கேட்டிலேயே அதனிடம் ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவில் அவர் மடியில் தலை வைத்தபடி அது போயிற்று. ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்று நின்றேன். கதை சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும்.

அதன்பின் நான்கு ஞாயிறு நான் ஷெல்டருக்குப் போகவில்லை. பி.ஜி. மொட்டைமாடியில், காயும் துணிகளுக்கு நடுவே நின்று அம்மாவிடம் பேசுவேன். பேசும்போதே கண் தானாகக் கீழே காலடிக்குப் போகும். அம்மா ஒருமுறை, “அது கேக்குதாடா?” என்றாள். நல்ல இடத்துக்குப் போய்விட்டது என்றேன்.

ஐந்தாவது ஞாயிறு அம்மாவின் போன் முடிந்ததும் இன்னொரு போன். ஏழுபாஷை. அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அதட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம்.

“நேத்து நல்ல மழ” என்றார். பிறகு, “கேட்டுக்குப் பச்ச பெயின்ட் அடிச்சோம். காயறதுக்குள்ள பூன ஏறிடுச்சு. இப்போ பூனையும் பச்ச.” மறுபடி செருமல். “கௌரம்மா சம்பந்தியோட ராசி ஆயிட்டாங்க. மேரி வீட்டுக்குப் போயிருந்தேன். அது குண்டாயிடுச்சுபா. மிஷினுக்கு அடியிலயே படுத்துனு கேக்குது...”

பழக்கமில்லாதவர் புதுச் செருப்பில் நடப்பதுபோல, தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டே போனார். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனைக் காதில் வைத்தபடியே ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது வேலை மாறிக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டால், ஷெல்டரின் வாரக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, வேறொன்றும் இல்லை என்பார். வேறொன்றும் இல்லாமலே இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று நான் ஊம் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.