வருங்கால மாமனாருக்கு அனுமதி இல்லை

நம்மிடையே ஓர் இனம் நடமாடுகிறது. அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று மோப்பம் பிடித்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். இது அடுத்தவரின் கிரெடிட் ஸ்கோரை மோப்பம் பிடிக்கும் இனம். வாங்கிய கடனை ஒருவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா, இழுத்தடிக்கிறாரா என்று சொல்லும், முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை போகும் அந்த எண் தெரியாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். ஸ்கோர் மாமா என்போம், அவர் முதுகுக்குப் பின்னால்.

யார் புதுக் கார் வாங்கினாலும் மாமா காரைப் பார்க்க மாட்டார், தவணையைப் பார்ப்பார். லிஃப்டில் மாட்டிக்கொண்டால், "உங்களுக்கு எவ்வளவு இருக்கும்?" என்பார். வயதைக் கேட்கிறார் என்று நினைத்து ஐம்பத்திரண்டு என்று சொன்ன பேராசிரியரிடம் அவர் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சட்டம் சும்மா இருக்கிறதா என்கிறீர்களா? இல்லை. கடன் கேட்டு வந்தவரின் அறிக்கையைக் கடன் கொடுப்பவர் பார்க்கலாம். வேலை தரப்போகிறவர் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆனால் பாருங்கள், அனுமதிக்கப்பட்ட காரணங்களில் 'வருங்கால மாமனார்' என்று ஒன்று இல்லை. இது சட்டத்தின் ஓட்டை என்பது மாமாவின் கட்சி.

ஏனென்றால் அவர் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவன். வீட்டுக்கு வந்தான், பேசினான், எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாமாவுக்கும் பிடித்தது. அதுதான் அவருக்குச் சந்தேகம். நேராகத் தம் அண்ணன் மகனைப் பிடித்தார். அவன் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவன்.

"சித்தப்பா, அவரோட சம்மதம் இல்லாம பார்க்கக் கூடாது. எதுக்குப் பார்க்கறேன்னு காரணம் வேற போடணும்."

"எதையாவது போடுடா. உன் தங்கச்சி வாழ்க்கை."

அவன் பைக் லோன் என்று போட்டான். ஸ்கோர் பிரமாதமாக இருந்தது. மாமா பூரித்துப்போய்க் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார்.

ஆனால் அறிக்கையை யார் எட்டிப் பார்த்தாலும் அது பதிவாகும். உரியவரின் ஃபோனுக்குச் செய்தியும் போகும். பஸ்ஸில் போய்வரும் அந்தப் பையன் செய்தியைப் பார்த்துப் பதறிப்போய் யாரிடம் ஓடி வந்தான் என்று நினைக்கிறீர்கள்?

"மாமா, என் பேர்ல யாரோ பைக் வாங்கப் பார்க்கறாங்க. இதெல்லாம் தெரிஞ்சவர் நீங்கதான். என்ன பண்றது?"

யோசனை கேட்டு வந்தவனைப் பார்த்ததும் மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"விடாதீங்க தம்பி. எழுதிப் போடுங்க. பார்த்தவனை வேலையை விட்டே தூக்கணும்."

பையன் சொன்னபடி செய்தான். கம்பெனியும் சொன்னதில் பாதி செய்தது. அண்ணன் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். விசாரணை முடிந்தால்தான் வேலை உண்டா இல்லையா என்று தெரியும். அவனை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பாவமாக இருக்கிறது.

"கேட்டிருந்தா அவரே காட்டியிருப்பாரேப்பா" என்றாள் மகள்.

பார்க்கச் சொன்னது மாமாதான் என்று தெரிந்தும் பையன் கோபப்படவில்லை. மறுபடி வந்தான்.

"கல்யாணத்துல எனக்கு ஒண்ணும் மாற்றம் இல்ல மாமா. உங்க ஸ்கோரை மட்டும் ஒரு தடவை காட்டுங்க. உங்க சம்மதத்தோடதான் கேக்கறேன்."

மாமா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது... அதெல்லாம் சொந்த விஷயம், தம்பி."

மாமா இன்னும் காட்டவில்லை; மண்டபத்து முன்பணமும் அங்கேயே கிடக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இன்னாருக்கு எவ்வளவு இருக்கும் என்று உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்து போயிருக்குமே? அது உங்கள் முகமா?